போக ஆறரை, வர ஒன்றரை

மே 27, திங்கள்

இன்று நாற்காலியோடு எழுந்து நின்றேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அபி இந்த டைரியைக் கொடுக்கும்போதே, "நடந்ததை நடந்தபடி எழுதும்மா, உன் கைச்சரக்கைச் சேர்க்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

விமானத்தில் இடுப்புக்கு பெல்ட் போட வேண்டுமாம். அங்கே போய் முழிக்கக் கூடாதே என்று, மெஸ் வேலை முடிந்து பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு, அவருடைய பேண்ட் பெல்ட்டை எடுத்து என்னையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். கட்டுவது சுலபமாக இருந்தது. கழற்றும்போதுதான் தெரிந்தது, கடைசி ஓட்டையில் மாட்டியிருக்கிறேன். மூச்சை உள்ளே இழுத்தால் கழன்றுவிடும் என்று பார்த்தால், இழுத்த மூச்சு போய் உட்கார உள்ளே இடமில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் தயிர்க்காரர் மணி அடித்தார். நாற்காலியோடு போய்த் தயிர் வாங்கினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

எதிர்வீட்டு ரெஜினா அக்கா வந்துதான் கழற்றிவிட்டாள். "ஏன்டி ஜெயக்கொடி, மலேசியாவுக்கு நாற்காலி நாமளா கொண்டு போகணும்?" என்றாள்.

"ஆமாக்கா. உட்கார்ந்து போக தனி டிக்கெட்டாம். நாங்க நின்னுக்கிட்டுப் போற டிக்கெட்தான் எடுத்திருக்கோம்."

"அடி பாவி, அவ்வளவு தூரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா?" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

எதற்குப் போகிறோம் என்று எழுத வேண்டும் இல்லையா. அபிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். பையன் பெயர் புவனேந்திரன். மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊர். இரண்டு வருஷத்துக்கு முன்பு லால்குடிப் பக்கம் தாத்தாவின் குலசாமியைக் கும்பிட வந்தவன், உறையூரில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டான். ஞாயிறு போக மீதி நாள் ஆபீஸ் போகிற அபிக்கு அன்று ஏதோ லீவு, அவள்தான் பரிமாறினாள். பையன் ரசத்துக்கு மூன்று தடவை கை நீட்டினான். என் ரசம் நன்றாக இருக்கும்தான். ஆனால் மூன்று தடவை கை நீட்டுகிற ரசம் இல்லை.

மே 29, புதன்

டிக்கெட் வந்துவிட்டது. அபி போனில் காட்டினாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

என் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் துறையூருக்கு அந்தப் பக்கம் கொடுக்க மாட்டேன் என்று நான் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். துறையூர் ஏன் என்றால், அவர் ஓட்டுகிற பஸ் அங்கேதான் போகிறது. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒரு கஷ்டம், ஒரு காய்ச்சல், ஒரு சண்டை என்றால் அவள் பஸ் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் என் அடுப்படிக்கு வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் கண்டிஷன். கோயம்புத்தூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன். சென்னை மாப்பிள்ளைக்கு போட்டோவே திருப்பி அனுப்பினேன். மலேசியா என்றதும் ஆறு மாதம் அபியோடு சரியாகப் பேசவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தேன், பேசவில்லை. அவளும் சாப்பிட்டாள், பேசவில்லை.

இந்த டிக்கெட்டைப் பங்குனியிலேயே கண்ணில் காட்டியிருக்கலாம் அவள். போகும்போது காலை ஒன்பதுக்குக் கிளம்பி மூன்றரைக்குப் போய்ச் சேருகிறது. ஆறரை மணி நேரம். போகட்டும், போகப் போவது நான்தானே. ஆனால் வரும்போது பாருங்கள்: காலை ஏழு மணிக்கு அங்கே கிளம்பினால் எட்டரைக்குத் திருச்சி. ஒன்றரை மணி நேரம்! அப்படியே துறையூர்!

"ஏன்டி, வர்றதுக்கு ஒன்றரைதானா?" என்று கேட்டேன். அபி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றாள்.

ராத்திரி அவரிடம் சொன்னேன். அவர் பெயரை எழுத மாட்டேன். புருஷன் பெயரை எழுதினால் ஆயுசு குறையும் என்பார்கள், பஸ் ஓட்டுகிற மனுஷன், எதற்கு வம்பு. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணுதான்" என்றார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதே நாலைந்து வாக்கியம். அதில் ஒன்றை இப்படி வீணாக்கினார்.

"உங்க பஸ்ஸுக்கு ஒண்ணுதான். ஏற்காட்டுக்கு ஏறுறப்ப எவ்வளவு நேரம், இறங்குறப்ப எவ்வளவு நேரம்? மலேசியா மேட்டுல இருக்கும்."

அவர் மோர் கேட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ரெஜினா அக்காவின் பெண் மதுரையில் இருக்கிறாள். "உன் பொண்ணு வர்றதுக்கு மூணு மணி நேரம். எங்க அபி வெளிநாட்டுலேருந்து ஒன்றரையில வந்துடுவா. மதுரையெல்லாம் எப்படிக்கா இவ்வளவு தூரத்துல கொடுத்தே?" என்றேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் பணியாரம் கொடுத்துச் சரிக்கட்டினேன்.

ஏன் போவதற்கு மட்டும் அவ்வளவு நேரம் என்பதற்கு இன்னொரு காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். இங்கிருந்து போகிறவர்கள் எல்லாரும் ஊறுகாய், வடகம், இட்லிப் பொடி, அம்மிக்கல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அத்தனை கனத்தோடு ஒரு வண்டி எப்படி வேகமாகப் போகும்? நானே ஏழு கிலோ வைத்திருக்கிறேன்.

அபியிடம் சொன்னேன். "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இந்தப் பெண் சமீபமாக அடிக்கடி கொல்லைப்பக்கம் போகிறாள்.

ஜூன் 5, புதன்

ரசப்பொடி அரைத்தேன். தும்மல். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

நாளை கிளம்ப வேண்டும். இன்று காலண்டரைப் பார்த்தால், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். விமானம் சரியாக ஒன்பதுக்குக் கிளம்புகிறது. இவ்வளவு பெரிய வண்டி விடுகிறவர்களுக்கு ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி மாட்டத் தெரியாதா?

"டிரைவர்கிட்ட பேசிப் பார்க்கிறீங்களா? நீங்களும் டிரைவர்தானே" என்று அவரைக் கேட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கடைசியில் நானே, நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை இன்று சாயங்காலமே ரெஜினா அக்கா வீட்டில் கொண்டு போய் வைத்துவிட்டேன். பெட்டி கிளம்பிவிட்டால் நாம் கிளம்பிய மாதிரிதான். ராகு வந்து தேடினாலும் பெட்டி எதிர்வீட்டில் என்று போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் வீட்டில் சாப்பாடு. அங்கே கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்து வந்தால், இந்தச் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் புரிந்துகொள்வார்கள். எங்களில் அப்படித்தான். நான் நனைப்பதாகத்தான் இருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு யாராவது வேண்டாம் என்பார்களா?

நான் பிறந்தது பரமக்குடி. கட்டிக்கொடுத்தது திருச்சி. பஸ்ஸில் நாலு மணி நேரம். "நாலு மணி நேரம்தானே, நெனச்சா வந்துடலாம்" என்றுதான் அப்போது எல்லாரும் சொன்னார்கள். நானும் நினைத்தேன். தினமும் நினைத்தேன். பொங்கலுக்கு ஒரு தடவை போனேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்த அன்று மட்டும் அப்படியே போட்டது போட்டபடி பஸ் ஏறினேன். சிவகங்கை தாண்டும்போது

அடுப்பில் மிளகாய் கருகுகிறது. போகிறேன்.

ஜூன் 8, சனி

வந்து சேர்ந்துவிட்டோம். லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விமானம் கிளம்பும்போது வயிற்றில் இருந்ததெல்லாம் ஒரு தடவை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பெல்ட் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்தான் திணறினார். வழி முழுக்க வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தார். "என்னங்க?" என்றால், "பிரேக்" என்றார். இறங்கும்போது இரண்டு காலாலும் அழுத்தினார். நின்றதும், "பரவாயில்லை, ஓட்டுறான்" என்றார். அவர் வாயால் இன்னொரு டிரைவரைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆறரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு சின்ன டப்பா சாப்பாடு, ஒரு தூக்கம், இறங்கு என்றுவிட்டார்கள். ஒரே ஒரு வருத்தம். அபி முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் நடுவில் எங்கேயோ நின்று நின்று ஓடியிருக்கிறது. இறங்கும்போது அது ஒரு மணி என்கிறது, ஏர்போர்ட்டில் மூன்றரை. உயரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லைபோல. பாவம், பிள்ளை ஆசையாய் வாங்கியது. குறை சொல்லக் கூடாது. திருப்பி வைத்துக்கொண்டேன்.

அபி போன் செய்தாள். "எப்படிம்மா இருந்துச்சு? நேரம்... சரியா போய்ச் சேர்ந்தீங்களா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆறரைன்னா டான்னு ஆறரை" என்றேன்.

"சரிம்மா" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளைப் பையனின் அம்மா தனலெட்சுமிதான் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகிறதாம். ஸ்கூல் வேன் ஓட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த பெண்மணி. அந்த வேனையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. "கிளட்ச் இல்லைங்களா?" என்று கேட்டார். "இல்லைண்ணே, எல்லாம் தானா மாறிக்கும்" என்று தனலெட்சுமி சொல்ல, முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கிள்ளான் வரை பேச்சு ஓயவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷன் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கூச்சம் என்று நினைத்திருந்தேன். விஷயம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வழியெல்லாம் குட்டைத் தென்னை மாதிரி மரம். என்ன என்று கேட்டேன். பாமாயில் மரமாம். நம்ம ரேஷன் பாமாயில்! தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும். கை வலித்தால் நிறுத்துவேன்.

காலையில் பத்தரைக்குப் பையன் வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு, சுத்தமான வீடு. புவனேந்திரன் வாசலுக்கு ஓடிவந்து காலைத் தொட்டான். ரசப்பொடி டப்பாவைக் கையில் கொடுத்ததும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். சரி, ரசமும் பிடிக்கும்போல.

தனலெட்சுமி, "வாங்கக்கா, பசியாறியாச்சா?" என்றார். பாட்டுப் புத்தகத்தில் வருகிற மாதிரி பேசுகிறாரே என்று, நானும் விடாமல், "தங்கள் முகம் கண்டதும் ஆறிற்று" என்றேன். அவர் விழித்தார். காலைப் பலகாரம் சாப்பிட்டீர்களா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்களாம்.

அடுத்தது என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, என்ன தண்ணி கலக்கட்டும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தம் பேச வந்த இடம், ஒரு பொம்பளை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! நான் அவரை முறைத்தேன். அவர் ஒரு பாவமும் அறியாமல், "என்ன இருக்கு?" என்றார்.

"எல்லாம் இருக்குண்ணே. சூடாவும் இருக்கு, ஐஸ் போட்டும் தரலாம்."

"அவரு வண்டி ஓட்டுறவருங்க, தொடவே மாட்டாரு!" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"மைலோ குடிச்சா வண்டி ஓட்டக் கூடாதாக்கா?" என்று கேட்டார் தனலெட்சுமி.

டீயோ காப்பியோ மைலோவோ, இங்கே குடிப்பதெல்லாம் தண்ணிதானாம். புவனேந்திரன் சோபாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் சிரித்தான். அவர் இரண்டு டம்ளர் குடித்தார். தண்ணி குடித்தால் கை நனைத்த கணக்கில்லை என்று நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் வேனைப் பார்க்கப் போய்விட்டார்கள், நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடிகாரம். ஒன்றில் மணி பதினொன்று. ஒன்றில் எட்டரை.

"என்ன தனலெட்சுமி, உங்க வீட்டுக் கடிகாரங்களுக்குள்ள சண்டையா? ஆளுக்கு ஒரு பேச்சு பேசுதுங்க."

அவர் சிரித்தார். "அது உங்க ஊரு நேரம்க்கா. புவன்தான் போன வாரம் வாங்கி மாட்டுனான். அபி இங்க வந்துச்சுன்னா, அம்மா இப்ப என்ன பண்ணுவாங்கன்னு நெனைச்சுக்கிட்டே இருக்கும்ல. ஒவ்வொரு தடவையும் விரலை விட்டுக் கணக்குப் போட்டுக்கிட்டு நிக்க வேணாம்னு."

"எங்க ஊர்ல இப்ப எட்டரையா?"

"ஆமாக்கா. நாங்க ரெண்டரை மணி நேரம் முன்னால போறோம். இங்கதானே மொதல்ல விடியுது."

நான் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறரையில் இரண்டரையைக் கழித்தேன். நாலு. ஒன்றரையோடு இரண்டரையைக் கூட்டினேன். அதுவும் நாலு. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்தக் கணக்கு வராமல் போயிருக்கலாம். வந்து தொலைத்தது. என் கைக்கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. நான்தான் அதன் காதைத் திருகியிருக்கிறேன்.

நாலு என்றால் பரமக்குடி. அம்மா போவதற்குள் நான் போய்ச் சேராத பரமக்குடி.

"என்னக்கா, தலை சுத்துதா?" என்றார் தனலெட்சுமி. "இல்ல, வெயில்" என்றேன். அடுப்படியில் வெயில் இல்லை.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். வாழையிலை, வடை, பாயசம், இரண்டு கூட்டு, அப்பளம். என் வீட்டுக்காரர் உட்காராமல் என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை. "வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் போகட்டும்" என்றேன். தனலெட்சுமியின் முகம் மாறியது. பிறந்தது மலேசியா என்றாலும் அந்த அம்மாவுக்கு அர்த்தம் தெரியும். "சரிக்கா, மெதுவா" என்று சொல்லிவிட்டு, போட்ட இலைகளின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடினார். புவனேந்திரன் எங்கே நிற்பது என்று தெரியாமல் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றான். அவர் மட்டும் மூடிய இலையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். மனுஷனுக்கு நேரத்துக்குப் பசிக்கும்.

அப்போது அபியின் போன்.

"சாப்பிட்டியாம்மா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இது எல்லாப் பிள்ளையும் கேட்கிற கேள்விதான். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ஏன்டி, வர்றதுக்கும் நாலு மணி நேரமாமே."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம். பிறகு, "யாரும்மா சொன்னா?" என்றாள்.

"கடிகாரம் சொல்லுச்சு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கும்."

"ஆக மொத்தம் திருச்சி ஜில்லாவுல எனக்கு மட்டும்தான் தெரியாது. ஏன்டி சொல்லலை?"

"நீ ஆறு மாசம் சிரிக்கவே இல்லம்மா. டிக்கெட்டைப் பார்த்துட்டு ஒன்றரைன்னு சொன்னப்பதான் சிரிச்சே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... நீ அதுக்குள்ள தெருவெல்லாம் சொல்லிட்டே." மூக்கை உறிஞ்சினாள். "நீ சாப்பிட வேணாம்மா. வேணாம்னா எழுந்து வந்துடு. நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன். நெஜமாத்தான் சொல்றேன், கோபம் இல்ல."

கோபப்பட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டேன்.

திரும்பி அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது, எனக்கு மற்ற அறைகளில் நிற்க வராது. திருச்சிக் கடிகாரத்தில் பத்து மணி தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் என்ன செய்வேன்? மாடியில் வடகம் காயவைப்பேன். இந்தச் சுவரின் முன்னால் ஒருத்தி நின்று, இப்போது அம்மா வடகம் காயவைப்பாள் என்று நினைப்பாள். பரமக்குடி அடுப்படியில் இப்போது என்ன நேரம் என்று எனக்கு ஒருத்தரும் மாட்டிவைக்கவில்லை. அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான். அதனால் மாட்டவில்லை.

தனலெட்சுமி சாம்பாரைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "உப்பு சரியா இருக்கான்னு பாருங்கக்கா. எனக்கு இன்னிக்கு நாக்கே ஓடலை" என்று கரண்டியை நீட்டினார்.

நான் உள்ளங்கையை நீட்டினேன். ஊற்றினார். நக்கிப் பார்த்தேன்.

"உப்பு கம்மி. பெருங்காயம் தூக்கல்" என்றேன்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் என் கையைப் பார்த்தோம். நனைந்திருந்தது.

பதினெட்டு வருஷமாக மெஸ் நடத்துகிறவள், கரண்டி நீண்டால் கை தானாக நீளும். மறந்துபோய்த்தான் நீட்டினேன். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்: மறந்துபோய்த்தான். தனலெட்சுமி தெரிந்தே நீட்டினாரா என்று எனக்குத் தெரியாது. வேன் ஓட்டுகிற பொம்பளை, எங்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

"அக்கா..." என்றார்.

"என்ன அக்கா? உப்பைப் போடுங்க சம்பந்தி" என்றேன்.

அந்த அம்மா உப்பைப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டார். நான் தடுப்பதற்குள் மூன்றாவது தடவையும் போட்டார். அந்தச் சாம்பாரைத்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் மூன்று தடவை வாங்கினார். எவ்வளவு பசி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயசம் சாப்பிடும்போது அபியின் போன் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டேன்டி. உப்பு ஜாஸ்தி" என்றேன். அந்தப் பக்கம் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, லைன் சரியில்லை.

நாலரைக்கு முன்னால் தேதி குறித்துவிடலாம், ராகு காலம் வருகிறது என்றேன். "எந்த ஊரு நாலரைக்கு?" என்றான் புவனேந்திரன். அவனுக்குப் பேச்சும் வரும்போல. ஆவணியில் கல்யாணம்.

ஒன்று இப்போதுதான் தோன்றுகிறது. நாங்கள் திருச்சியில் கிளம்பிய ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. ராகு காலம் இங்கே முடிந்தே போய்விட்டது. பெட்டியை வீணாகத்தான் எதிர்வீட்டுக்குத் தூக்கியிருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

விமானத்தில் அவரிடம் கேட்டேன். "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணுதான்னு."

"அதைச் சோறு பிசையாம சொல்லியிருக்கணும்."

கொஞ்ச நேரம் பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்தார். அப்புறம், "ஆனா நீ சொன்னதும் தப்பில்ல. துறையூர்லேருந்து கடைசி டிரிப்பு எப்பவும் சின்னதாத்தான் தெரியும். வீட்டுக்கு வர்றதுல்ல" என்றார். ஒரே நாளில் இவ்வளவு பேசியதில் களைத்துத் தூங்கிவிட்டார். நான் நாலு மணி நேரமும் முழித்திருந்து பார்த்தேன். நாலு மணி நேரம்தான். கீழே மேகம்தான், நடுவில் சிவகங்கை இல்லை.

அபி ஏர்போர்ட் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினா அக்காவும் வந்திருந்தாள். "எவ்வளவு நேரம்டி ஆச்சு?" என்று ரெஜினா அக்காதான் கேட்டாள்.

அபி என்னைப் பார்த்தாள்.

"ஒன்றரை" என்றேன். "கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள."

அபி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எடுக்கும்போது என் முந்தானையில் மூக்கைத் துடைத்துவிட்டாள். புதுப் புடவை.

ஜூன் 20, வியாழன்

போன வாரம் கடைவீதியில் ஒரு கடிகாரம் வாங்கி, அடுப்படியில் பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அதில் கிள்ளான் நேரம். அடையாளத்துக்கு அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். எதற்கு இப்போதே என்று அபி கேட்டாள். பழகிக்கொள்ளத்தான் என்றேன்.

இன்று ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள், கூட்டம் இருக்கும், பத்து மணிக்கு முன்னாலேயே போய் நில் என்று ரெஜினா அக்கா நேற்றே சொல்லியிருந்தாள். காலையில் மாவு வழித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். மணி பத்தடிக்கப் போகிறது. கையைக் கழுவிவிட்டு, கார்டையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பொட்டு இருந்ததா என்று பார்க்கவில்லை.

கடை வாசலில் ஒரு நாய் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் நின்றேன்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. பாமாயில் இன்னும் வரவில்லை என்றார் கடைக்காரர். எங்கேயிருந்து வர வேண்டும் என்று கேட்டேன். மலேசியாவிலிருந்து என்றார். அப்படியானால் வந்துவிடும் என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

வரவில்லை. மத்தியானம் அப்பளத்தைச் சுட்டுத்தான் போட்டேன்.